வீடு காட்டிய நாத்தனார்

என் நாத்தனார் இருக்கிற இடத்தில் யாரும் முகம் சுண்டி நிற்க முடியாது. நிற்க விடமாட்டாள். ஒருவருக்குக் கூச்சம் வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், அதை அப்படியே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு சிரித்துவிடுவாள். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

நான் கல்யாணமாகி விழுப்புரம் வந்த முதல் பொங்கலுக்கு என் அப்பா திண்டிவனத்திலிருந்து சீர் கொண்டுவந்தார். சீர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வருஷம் எங்கள் வீட்டு நிலைமை அப்படி. ஒரு மூங்கில் தட்டில் கொஞ்சம் பச்சரிசி, நாலு உருண்டை வெல்லம், ஒரு சீப்புப் பழம், ஒரு நூல் புடவை. மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஜட்கா வாசலில் வந்து நின்ற பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார் அப்பா. தெருவே பார்க்கிறது. எனக்கு உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

என் நாத்தனார் ஓடினாள், வெளியே. தட்டை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து மூச்சு வாங்கினாள்.

"யப்பா! இன்னா கனம் கனக்குது அண்ணி உங்கூட்டுச் சீரு! ஒத்த ஆளு தூக்கற சீரா இது? ஜல்தியா வாங்க, ஒரு கை புடிங்க!"

எதிர்வீட்டு அம்மாள் உதவிக்கு எழுந்தே விட்டாள். "நீங்க உக்காருங்கம்மா, உள்ள கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தள்ளாடித் தள்ளாடி நடந்து கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அப்பா இறங்கி நிமிர்ந்து நடந்து வந்தார். அப்போது அவளுக்குப் பதினாறோ பதினேழோ வயது.

பிற்பாடு ஒருநாள் நான் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தபோது, "வெக்கம்ன்றது சுடு பாத்திரம் மாதிரி அண்ணி. உங்களுக்கெல்லாம் கை பூப்போல இருக்குது. எனக்குக் காய்ச்சிப் போச்சி. எங்கிட்டக் குடுத்துட்டா எறக்கி வெச்சிடுவேன்" என்றாள்.

ஆள் நல்ல உயரம், கறுப்பு. பாதம் மட்டும் ஆம்பிளைப் பாதம் மாதிரி அகலம். "என் கல்யாணத்துல அம்மி மிதிக்கச் சொன்னாங்கன்னா அம்மிக்குத்தான் வலிக்கும்" என்று அவளே சொல்லி அவளே சிரிப்பாள். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கென்று இருந்தது ஓர் அண்ணன். அந்த அண்ணனைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அவர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலை வியாபாரம். சுற்றுப்பக்கத்துக் குடியானவர்கள் வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். விற்றுக் கொடுத்துத் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், விலையெல்லாம் விழுந்து கிடந்த காலம் அது. வீட்டை விற்றால்தான் மண்டி நிற்கும் என்று ஆகிவிட்டது. ஆனால் வீட்டை விற்கிறோம் என்று வெளியே தெரிந்தாலும் மண்டி நிற்காது.

"மூட்டைய எறக்கிட்டுப் போறவன் என்னைப் பாத்து எறக்கறதில்ல. இந்த வூட்டைப் பாத்து எறக்கறான்" என்பார். வீடு போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் மறுநாள் காலையில் மண்டி வாசலில் ஒரு வண்டி நிற்காது. அதனால் உள்ளூரில் யாருக்கும் சொல்லாமல், என் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு திண்டிவனத்துத் தரகர் மூலமாக, வெளியூர்க்காரர்களாகப் பார்த்து வரச் சொன்னார்.

வீட்டைக் காட்டுகிற வேலை என் நாத்தனாருடையது. யாரும் கொடுக்கவில்லை, தானாக எடுத்துக்கொண்டாள். எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டவே வாய் வராது. ஒவ்வொரு அறைக்கும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். அவளோ யாருக்கோ விருந்து வைக்கிறவள் மாதிரி காட்டுவாள்.

"வர்றவங்கள நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்கண்ணா" என்பாள். அந்த வேளையில் வெயில் முற்றத்து வழியாகச் சாய்ந்து கூடத்து மரத்தூணில் விழும். தூண் எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் மாதிரி மின்னும். கதவுக் கீல்களுக்கு விளக்கெண்ணெய் விடுவாள். பின்கட்டு அறையில் ஓதம் ஏறி ஒரு வாடை அடிக்கும். சாம்பிராணி போட்டால் எதையோ மறைக்கிறோம் என்று தெரிந்துவிடும் என்று, அந்த அறையில் ஒரு முறம் வேப்பம்பூவை உலர வைத்திருப்பாள். வருகிறவர்கள், "அட, பூவா!" என்று குனிந்து மோந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். அதன்மேல் முருகன் படத்தை மாட்டினாள். படம் சின்னது, விரிசல் நீளம். மிச்சத்துக்கு மல்லாட்டைத் தோலை அடைத்து இரண்டு மூட்டைகளை நிமிர்த்தி வைத்தாள். "மூட்ட இருக்கற வூடுன்னா செழிப்பான வூடு. செழிப்புக்குப் பின்னால யாரு அண்ணி எட்டிப் பாக்கப் போறாங்க?"

எனக்கு மறக்கவே மறக்காதது முற்றத்துக் கல். முற்றத்தைச் சுற்றிப் பாவியிருந்த கற்களில் ஒன்று கால் வைத்தால் ஆடும். பெயர்த்து வைக்க நேரமில்லை. யாராவது வந்தால் அந்தக் கல்லின் மேல் இவளே போய் நின்றுகொள்வாள். வந்தவர்கள் போகிற வரைக்கும் அசைய மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே எல்லா அறைக்கும் வழி சொல்லுவாள். பார்க்கிறவர்களுக்கு வெட்கப்படுகிற பெண் மாதிரி இருக்கும்.

ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டாள். ஒருத்தி கிணற்றைப் பார்த்துவிட்டு, "தண்ணி உப்பாம்மா?" என்று நேராகக் கேட்டாள். "சித்திர வைகாசியில கொஞ்சம் கரிக்கும்க்கா. மத்த மாசம் பாயசம்" என்று சொல்லிவிட்டாள். நான் அப்புறம் கடிந்துகொண்டேன். "கேக்காதபடி பாத்துக்கினேன் அண்ணி. அதையும் மீறிக் கேட்டுட்டாங்க. கேட்டப்புறம் மறைச்சா அது திருட்டு" என்றாள்.

முதலில் வந்தவர்கள் கண்டமங்கலத்திலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி. ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எதிர்வீட்டு அம்மாளுக்குக் கண் விரிந்துவிட்டது. அவர்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெற்றிலை வாங்க என் வீட்டுக்காரர் வெளியே போனபோது பிடித்துக்கொண்டாள்.

"இன்னா தம்பி, யாரு வந்துக்கினு இருக்காங்க? பட்டுச் சேலையெல்லாம் பலமா இருக்குதே?"

இவர் கையிலிருந்த வெற்றிலைக் காசைத் திரும்பத் திரும்ப எண்ணினார். என் நாத்தனார் வாசற்படியில் நின்று இதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்வீட்டு அம்மாளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவ்வளவுதான்.

"அடிக் கள்ளி! பொண்ணு பாக்க வந்திருக்காங்களா! எங்கிட்டக்கூட மறைச்சிட்டியே தம்பி!"

இவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரே சிரிப்பு. மாசக்கணக்காகச் சிரிக்காத மனுஷன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே எத்தினி பேர் வந்தாலும் பேஜாரே இல்ல. நான் பூ வெச்சிக்கினு நிக்கிறேன், அண்ணி கேசரி கிண்டட்டும், நீங்க வூட்டைப் பேசி முடிங்க" என்றாள். நானும் சிரித்தேன். அவளுக்குப் பத்தொன்பது வயது, அடுத்த தையில் வரன் பார்க்க வேண்டும் என்று நாங்களே பேசிக்கொண்டிருந்த பெண். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அவள் ஒருத்திக்குத்தான் உறைத்திருக்கும். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்டமங்கலத்துக்காரர்களுக்கு வீடு பெரிதாகப் பட்டது, வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்தது கடலூர்ப் பக்கத்து மளிகைக்காரர். அதற்கு அடுத்தது ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். கைத்தடியால் ஒவ்வொரு அறையையும் அளந்தார். பஜ்ஜியைக் கண்டதும் அளப்பதை விட்டுவிட்டார்.

"வூடு பாக்க வர்றவனுக்கு யாரும்மா இவ்ளோ உபசாரம் பண்றாங்க? நாளைக்கும் ஒருதரம் வந்து பாக்கட்டுமா?"

"தாராளமா வாங்க. ஆனா நாளைக்கு வாழக்கா இருக்காது, உருளக்கெழங்குதான்" என்றாள் கல்லின் மேல் நின்றபடி.

வந்தார்கள், பார்த்தார்கள், தின்றார்கள், போனார்கள். ஒவ்வொரு முறையும் அவள் என் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் எதிர்வீட்டு அம்மாள் மறுநாள் காலையில் வந்து, "இன்னாச்சி?" என்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். அதற்கென்று எங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளக்கூட இல்லை, தானாக வந்தது.

தெருப்பேச்சு மெதுவாக மாறியது. முதலில் பாவம் என்றார்கள். அப்புறம் ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்றார்கள். பிறகு, குழாயடியில் ஒருத்தி, "வெளிய சொல்ல முடியாத வியாதியாமே" என்று எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு நல்ல மனசு. இரும்பை மாகாளேஸ்வரரிடம் வேண்டிக்கொண்டால் தடை நீங்கும் என்று, தன் செலவிலேயே என் நாத்தனாரைப் புதுச்சேரி ரயிலில் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து வண்டி வைத்து இரும்பைக்கு அழைத்துப் போனாள். இவளும் போனாள். போகாமல் என்ன காரணம் சொல்ல முடியும்? பிரகாரத்தைச் சுற்றச் சொன்ன தடவையெல்லாம் சுற்றினாள். திரும்பி வந்து விபூதியை என் நெற்றியில் இட்டாள்.

"இன்னாடி வேண்டிக்கினே?" என்று கேட்டேன்.

"வூடு ஜல்தியா வெல போவணும்னு. வேற இன்னா வேண்டறது?" என்றாள். பிறகு மெதுவாக, "அந்தம்மா எனக்காக மண்சோறு சாப்ட்டாங்க அண்ணி. தரையில போட்டு. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சி" என்றாள். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வேளையில்தான் நிஜமாகவே ஓர் இடம் வந்தது. கெடாரில் நிலபுலம் உள்ள குடும்பம். பையன் விழுப்புரத்தில் ரயில்வே குட்ஸ் ஆபீஸில் வேலை. நல்ல உத்தியோகம், நல்ல பையன் என்று மண்டியில் எல்லாரும் சொன்னார்கள். எப்படி எங்களைத் தேடி வந்தார்கள் என்று கேட்டதற்கு, கேள்விப்பட்டோம் என்றார்கள். இதுவரை விளையாட்டாகப் புடவை கட்டிக்கொண்டு நின்றவள் அன்றைக்கு மடிப்பைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். பொட்டை இரண்டு தடவை அழித்து வைத்தாள். "அண்ணி, மூஞ்சில எண்ண வழியுதா பாருங்க" என்றாள். அதுவரைக்கும் தன் முகத்தைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

வந்தது பையனுடைய தாய்மாமன், இரண்டு பெண்கள், பையன். இவள் நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பழக்க தோஷத்தில் போய் அந்தக் கல்லின் மேல் நின்றுகொண்டாள். பையன் அவளைப் பார்த்தான். அவளும் ஒரு தடவை பார்த்தாள். கேசரி சாப்பிட்டார்கள். எல்லாம் கூடிவருகிற மாதிரிதான் இருந்தது.

தாய்மாமன் கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்கக் கூடாது. ஒரு பொண்ணு எடுக்கறோம், விசாரிக்காம இருக்க முடியுமா? இந்தத் தெருவுல கேட்டோம். எங்களுக்கு முன்னாடி அஞ்சாறு எடத்துல இருந்து வந்து பாத்துட்டுப் போயிருக்காங்களாமே. ஒண்ணும் தகையலியாமே. இன்னா காரணம்? உள்ளதச் சொல்லிட்டா போதும். நாங்க ஒண்ணும் வித்தியாசமா எடுத்துக்க மாட்டோம்."

நியாயமான கேள்வி. பதிலும் ஒரே வரிதான். அவர்கள் பெண் பார்க்க வரவில்லை ஐயா, வீடு பார்க்க வந்தார்கள். அதைச் சொன்னால் அவள் மேல் விழுந்த பேச்சு அத்தனையும் அந்த நிமிஷமே போய்விடும். ஆனால் வந்திருப்பது கெடார்க்காரர்கள். எங்கள் மண்டிக்கு வருகிற வண்டியில் பாதி கெடார் வண்டி.

நான் காப்பித் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். முருகன் படத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். மறுபடியும் கழுத்தைத் துடைத்தார். நான் சொல்லியிருக்கலாம். ஆம்பிளைகள் பேசுகிற இடத்தில் மருமகள் பேசக் கூடாது என்பது அப்போது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். முன்பு ஜட்காவில் உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்ன செய்யப் போகிறாள் என்று.

"வந்தவங்களுக்கு என்னைப் புடிக்கலீங்க ஐயா" என்றாள். "கறுப்பு, ஒயரம், காலு வேற பெருசு. வேற ஒண்ணுமில்லீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறப்பதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். தாய்மாமன் அவளைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி தம்பி, சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார். தட்டில் மிச்சமிருந்த கேசரியை உட்காராமல் நின்றபடியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்களையும் சாப்பிடச் சொன்னார். பையன் வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு போய்விட்டார்கள். சொல்லி அனுப்பவில்லை.

கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னவள், கேட்ட கேள்விக்குச் சொன்ன ஒரே பொய் அது. அதையும் தன் மேலேயே சொல்லிக்கொண்டாள்.

அந்த வருஷமே வீடு விலை போனது. மறைத்து என்ன, பத்திரம் பதிகிற அன்றைக்குத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மண்டியும் இரண்டு பருவம்தான் தாங்கியது. திண்டிவனத்துக்கு வந்து என் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடியேறினோம். இவர் வேறொருவர் மண்டியில் கணக்கு எழுதப் போனார். நாத்தனாரும் எங்களோடுதான். அவளுக்கு அப்புறம் எந்த இடமும் அமையவில்லை. விழுப்புரத்துப் பேச்சு ரயிலேறித் திண்டிவனம் வர எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஒருநாள் இவர் மண்டியிலிருந்து பேயறைந்த மாதிரி வந்தார். கோர்ட்டுக்கு வந்திருந்த அந்தத் தாய்மாமனை, கெடார்ப் பெரியவரை, காப்பிக் கடையில் பார்த்தாராம். பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது என்று சொன்னாராம். இவர் அப்போதாவது வாயைத் திறந்து, "ஐயா, அன்னிக்கு வந்தவங்கள்லாம் வூடு பாக்க வந்தவங்க" என்றாராம். அதற்கு அந்தப் பெரியவர் சொன்னதை அடுப்பங்கரையில் என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"தெரியும் தம்பி. அன்னிக்கே தெரியும். கண்டமங்கலத்துல இருந்து முதல்ல வந்து பாத்துட்டுப் போனாளே, அவ என் தங்கச்சி. 'வூடு நமக்குத் தோதுப்படல அண்ணா, ஆனா அந்த வூட்டைக் காட்டிச்சே ஒரு பொண்ணு, அதை நம்ம பையனுக்குக் கேளு'ன்னு சொன்னதே அவதான். எல்லாம் தெரிஞ்சிதான் வந்தோம். உன் வாயில இருந்து ஒரு வார்த்த வருதான்னு பாத்தேன். உன் தங்கச்சி பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கினு சிரிக்குது, நீ தரையப் பாத்துக்கினு குந்தியிருக்கிற. பொண்ணு தங்கம் தம்பி. ஆனா உன்னை மச்சான்னு சொல்லிக்கினு எங்க பையன் நாளைக்கு எதை நம்பறது?"

சொல்லிவிட்டு, "அவகிட்டச் சொல்லிடாதே" என்றார் என் வீட்டுக்காரர். நான் எதற்குச் சொல்லப் போகிறேன்? சொல்ல எனக்கு மட்டும் முகம் ஏது?

அவள் உள்ளே வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி இப்பிடி இருக்குது? யாரப் பாத்தீங்க?"

"கெடார்ப் பெரியவரை."

"அட! நல்லாருக்காரா?"

"ம்."

"நல்ல மனுசங்க அண்ணி அவங்க" என்றாள் என் பக்கம் திரும்பி. "என்னை வேணான்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுக்காக மூஞ்சியச் சுளிச்சாங்களா? வெச்ச கேசரிய மிச்சம் வெக்காம சாப்ட்டுட்டுப் போனாங்க. நம்ம மனசு நோவக் கூடாதுன்னு."

அவர் சொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்கவில்லை. நான் திரும்பி உட்கார்ந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினேன்.